மணிக்கட்டைப் பிடித்த கை

ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை பழகும் கூடத்தில் ஒரு மாலைப்பொழுதில் அதிகம் நடக்கிற காரியம் எது என்று கேட்டால், ஒருவர் இன்னொருவரின் மணிக்கட்டைப் பிடிப்பதுதான். பிடிக்கிறவர் விழுவார், எழுவார், திரும்பி வந்து மறுபடி பிடிப்பார். நாலு முறை ஆனதும் முறை மாறும். இதுவரை விழுந்தவர் இனி வீழ்த்துவார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் கண் எப்போதும் வீழ்த்துகிறவர் மேலேயே இருக்கும். கறுப்புப் பாவாடை போன்ற ஹகாமா சுழல்வதும், ஆள் காற்றில் புரண்டு பாயில் இறங்குவதும் அழகுதான். எனக்கோ சில வருஷங்களாக அந்தப் பிடியின் மேலேயே கண் போகிறது. யார் கையை யார், எதற்காக முதலில் பிடித்தார்கள்? அந்தப் பிடி எந்த வழியாக நடந்து இந்தக் கூடம் வரை வந்தது?

புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். "தெருவுல எவன் சார் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறான்?" நியாயமான கேள்வி. தெருச் சண்டையில் சட்டையைப் பிடிப்பார்கள், தள்ளுவார்கள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார்கள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது சண்டைக்காரனின் வேலையாகவே தெரியாது. விடை வேண்டுமென்றால் இடுப்பில் வாள் இருந்த காலத்துக்குப் போக வேண்டும்.

ஜப்பானியச் சாமுராய் நீள வாளையும் குட்டை வாளையும் இடது இடுப்பில் செருகியிருப்பான். வலது கை குறுக்கே போய்த்தான் உருவ வேண்டும். இடது கையால் வாள் உருவுகிற சாமுராய் கிடையாது. எல்லாரும் ஒரே பக்கம்தான். ஆகவே எதிரே நிற்பவனுக்கு ஒன்று தெளிவாகத் தெரியும்: உருவப்படாத வாளை அடக்க வாளைத் தொட வேண்டியதில்லை, அந்த வலது மணிக்கட்டை அடக்கினால் போதும். பிடிபட்டவனுக்கும் அதே கணக்கு. பிடியை உடைத்துக் கையை மீட்காவிட்டால் அவன் கதை முடிந்தது. ஜப்பானின் பழைய ஜுஜுட்சு மரபுகளில் மணிக்கட்டுப் பிடியில் தொடங்கும் பாடங்கள் நிறைய இருப்பதன் பின்னணி இதுதான். பெரிய வீடுகளுக்குள் போகும்போது நீள வாளைக் கழற்றிவிட்டு, முழங்காலிட்டு எதிரெதிரே அமர்வார்கள். குட்டை வாள் மட்டும் இடுப்பில் இருக்கும். இன்றும் ஐகிடோவில் இருவரும் முழங்காலிட்டபடி பழகும் பாடங்கள் உண்டு. முழங்காலில் நகர்ந்து நகர்ந்து தோல் வழண்டவர்களுக்கு அந்த அறைகளின் ஞாபகம் உடம்பில் இருக்கிறது.

அந்தப் பிடி பிறந்தபோது அது ஒரு விலங்கு. தளர்ந்தால் உயிர் போகும் என்பதால் இறுக்கிப் பிடித்த விலங்கு. அதில் எதிராளியின் நலனுக்கு இடமே இல்லை.

ஆனால் அந்தக் காலத்திலும் பழகுவதற்கு ஒருவர் வேண்டும். கொல்லும் வித்தையை நாள்தோறும் பழக வேண்டும், பழகும் இருவரும் மறுநாளும் உயிரோடு வர வேண்டும். இந்தச் சிக்கலுக்குப் பழைய வாள் மரபுகள் கண்ட வழி என்னை இன்னும் வியக்க வைக்கிறது. ஜோடிப் பயிற்சியில் தாக்கித் தோற்கும் பாத்திரத்துக்கு உச்சிதாச்சி என்று பெயர். அதை எடுப்பவர் ஆசான், அல்லது மூத்தவர். வெல்லும் பாத்திரமான ஷிதாச்சி, கற்றுக்கொள்ள வந்தவனுடையது. நாம் இயல்பாக நினைப்பதற்கு நேர் எதிர். காரணம் யோசித்தால் விளங்கும். எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் வாள் வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தாக்குகிறவர்தான். அடி உண்மையாக இருக்க வேண்டும், கற்பவனின் அன்றைய தகுதிக்கு அரை அடி மேலே இருக்க வேண்டும், அவன் தவறினால் அவனை வெட்டிவிடாமல் நிற்கவும் வேண்டும். இத்தனையும் தெரிந்தவரால்தான் நன்றாகத் தோற்க முடியும். ஒரு மூத்தவர் தன் வாழ்நாளில் பல்லாயிரம் முறை தோற்றுக் காட்டினால்தான் ஓர் இளையவன் தேறுவான்.

1868இல் ஜப்பானின் அய்ஸு சிற்றரசின் கோட்டை, புதிய பேரரசின் படையிடம் விழுந்தது. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதற்குத் தடை வந்தது. இடுப்பில் வாள் இல்லையென்றால் மணிக்கட்டைப் பிடிக்கக் காரணமும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பிடி அந்த வருஷத்தோடு மறைந்திருக்க வேண்டும். மறையாமல் போனதற்கு அய்ஸுவில் 1859இல் பிறந்த தகேதா சோகாகு ஒரு முக்கியக் காரணம். கோட்டை விழுந்தபோது அவர் சிறுவன். வாள் தடை வந்தபோது பதினாறு வயது. எந்த ஊரிலும் நிலையாகக் கூடம் வைக்காமல், ஊர் ஊராகப் போய், போலீஸ்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் டைடோ-ரியூ என்ற தன் மரபை அவர் சொல்லிக்கொடுத்தார். கற்றவர்களின் பெயரையும் முத்திரையையும் பதிவேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார். உயரம் ஏறத்தாழ 150 சென்டிமீட்டர். வாளில்லாத காலத்தில் வாளின் நினைவை மணிக்கட்டில் சுமந்துகொண்டு நடந்த சிறிய மனிதர்.

1915இல் வடக்கே ஹொக்கைடோவின் எங்காரு என்ற ஊரில், ஒரு விடுதியில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே வந்தவர், பின்னாளில் ஐகிடோவைத் தோற்றுவித்த மொரிஹே உயேஷிபா, வயது 31. தெற்கே தனாபேயில் பிறந்து, 1912இல் ஊர்க்காரர்களைக் குடும்பம் குடும்பமாகத் திரட்டி ஹொக்கைடோவின் ஷிரதாகியில் காடு திருத்திக் குடியேறியவர். அவரும் உயரத்தில் குறைந்தவர்தான். மரம் வெட்டி, மரம் சுமந்து உடம்பை இரும்பாக்கி வைத்திருந்தார். வந்த வேலையை மறந்து அங்கேயே தங்கிப் படித்தார் என்பார்கள். பிறகு தகேதாவைத் தன் ஊருக்கே அழைத்து, வீடு கொடுத்துப் பாடம் கேட்டார். இரும்பு உடம்புக்காரர் ஒருவரை, தன்னைவிட இருபத்துநாலு வயது மூத்த, தன்னைவிடச் சிறிய ஒருவர் அசைக்கிறார். பிடித்த கைக்கு மட்டும்தான் அந்த அதிர்ச்சி தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அதில் பாதிகூடத் தெரிந்திருக்காது.

1919இன் கடைசியில் தந்தை உடல்நலமின்றி இருக்கும் செய்தி கேட்டு உயேஷிபா ஹொக்கைடோவை விட்டார். வழியில் அயாபேயில் ஓமோதோ சமயத்தின் தலைவர் தெகுச்சி ஒனிசபுரோவைச் சந்தித்தது அவர் வாழ்வைத் திருப்பியது. தந்தை இறந்த பிறகு குடும்பத்தோடு அயாபேக்கே போய்ச் சேர்ந்து, அங்கே முதல் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். 1927இல் தோக்கியோ. 1931இல் எண்பது பாய் விரித்த கொபுக்கான் கூடம். அங்கே பயிற்சி எவ்வளவு கடுமையாக இருந்ததென்றால் அதற்கு 'நரகக் கூடம்' என்ற பெயரே வந்தது. ஜூடோவின் தந்தை கானோ ஜிகோரோ, உயேஷிபாவின் வித்தையை 1930இல் நேரில் பார்த்துவிட்டுத் தன் மாணவர் மொச்சிசுகி மினோருவை அவரிடம் படிக்க அனுப்பினார்.

உயேஷிபா பாடமாக விளக்கியது குறைவு. ஒருவரை எழுப்பித் தன்னைப் பிடிக்கச் சொல்வார், வீழ்த்துவார், அடுத்ததற்குப் போய்விடுவார். கூடத்திலேயே தங்கிப் படித்த மாணவர்கள் அவரைப் பிடித்துப் பிடித்து, விழுந்து விழுந்து கற்றவர்கள். அவர்களுக்கு அந்தப் பிடி ஒரு காது. அவர் எப்போது அசையத் தொடங்குகிறார், எங்கே எடை மாறுகிறது, தன் சமநிலை எந்த நொடியில் போகிறது என்பதை விரல்தான் கேட்டது. இந்த இடத்தில்தான் பிடியின் பிறவிக் குணம் மாறத் தொடங்கியது என்று நினைக்கிறேன். விலங்காகப் பிறந்தது, கற்றுக்கொள்ளும் கருவியாயிற்று. அந்த வருஷங்களிலேயே இன்னொரு மாற்றமும் வந்தது. தானாகக் கையை நீட்டி எதிராளியைப் பிடிக்க வரவழைக்கும் முறை. பிடிபடும் கை இப்போது கொடுக்கப்படும் கை.

பெயர்களையும் கொஞ்சம் பார்க்கலாம். தாக்குகிறவருக்கு ஐகிடோவில் உகே என்று பெயர். பெறுவது, ஏற்பது என்ற பொருள்தரும் உகேரு என்ற வினையிலிருந்து வந்த சொல். அவர் விழும் கலை உகேமி, ஏற்கும் உடம்பு. வந்து பிடிப்பவர், அடிப்பவர் அவர்தான். ஆனாலும் அவரைத் தாக்குபவர் என்று சொல்லாமல் ஏற்பவர் என்று ஏன் சொன்னார்கள்? மல்யுத்தமோ குத்துச்சண்டையோ பார்த்து வளர்ந்த எனக்கு அது நெடுநாள் பிடிபடவில்லை. பிடிப்பதும் அடிப்பதும் அவருடைய வேலையின் சின்னத் தொடக்கம். அதன் பிறகு நடக்கும் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, அடிபடாமல் பாயில் இறங்கி, எழுந்து மறுபடி எதிரே வந்து நிற்பதுதான் பெரும்பகுதி.

1942இல் ஐகிடோ என்ற பெயர் நிலைபெற்றது. அதே ஆண்டு உயேஷிபா தோக்கியோவை விட்டு இபராக்கி மாவட்டத்தின் இவாமா கிராமத்துக்குப் போனார். காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் வயல் வேலை. போர் முடிந்த மறு ஆண்டு அங்கே பதினெட்டு வயதில் சைதோ மொரிஹிரோ வந்து சேர்ந்தார். ரயில்வே வேலை, இருபத்துநாலு மணி நேரம் பணி, இருபத்துநாலு மணி நேரம் ஓய்வு. அந்த ஓய்வு நேரமெல்லாம் கூடத்திலும் வயலிலும் கழிந்தது. சாப்பாட்டுக்கே தட்டுப்பாடாக இருந்த காலம். கூடத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் ஆள். அங்கே பிடி இறுகியது. அசையாமல் நின்று, முழுப் பலத்தோடு பிடிக்க வேண்டும். பிடிபட்டவர் அந்த இறுக்கத்துக்குள்ளேயே வழி தேட வேண்டும். பிடி தளர்வாக இருந்தால் கற்கிறவர் தன் பிழையைக் கண்டுகொள்ள வாய்ப்பே இல்லை என்பது சைதோ வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது. இன்றும் இவாமா வழியில் வந்த கூடங்களில் வகுப்பு தொடங்குவது ஒருவர் மணிக்கட்டை இறுகப் பிடிக்க, மற்றவர் அவர் பக்கமாகத் திரும்பி நிற்பதோடுதான். ஐந்து நிமிடம்கூட ஆகாத எளிய பயிற்சி. இருபது வருஷம் செய்தவர்களும் விடாமல் செய்கிறார்கள்.

தோக்கியோவில் அதே காலத்தில் வேறு கதை. போரில் வீடிழந்தவர்கள் கொபுக்கான் கூடத்தில் தங்கியிருந்தார்கள். உயேஷிபாவின் மகன் கிஷோமாரு கூடத்தைக் காப்பாற்றி, 1948இல் ஐகிகாய் அறக்கட்டளைக்கு அரசின் அங்கீகாரத்தையும் பெற்று, பகலில் ஒரு வேலை பார்த்தபடி பயிற்சியை மறுபடி தொடங்கினார். அங்கே வளர்ந்த நடையில் பிடி நிற்காது, ஓடும். கை வந்து பிடிக்கும்போதே பிடிபடுகிறவர் நகர்ந்திருப்பார். பெரிய வட்டம் ஒன்று சுழலும். பிடித்தவர் அந்த வட்டத்தின் விளிம்பில் ஓடி வருவார். இவாமாக்காரர்களுக்கு இது தளர்வாகத் தெரியும். தோக்கியோக்காரர்களுக்கு இவாமா விறைப்பாகத் தெரியும். ஒரே தந்தையின் இரண்டு வீடுகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு இது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: நீச்சல் தெரியாதவனை ஓடும் ஆற்றில் இறக்கக் கூடாது. முதல் சில வருஷங்களுக்கு நிற்கும் பிடிதான் வேண்டும். கை மாட்டிக்கொண்டது என்ற உணர்வு ஒருமுறையாவது உடம்புக்கு வந்திராதவர், மீள்வது எப்படி என்று கற்கவே முடியாது.

பிடி கப்பலேறியதும் போருக்குப் பிந்தைய அந்தச் சில வருஷங்களுக்குள்தான். 1951இல் மொச்சிசுகி பிரான்சுக்கு எடுத்துப் போனார். மறு ஆண்டு உயேஷிபாவின் இன்னொரு மாணவர் அபே ததாஷி. அங்கே முதலில் ஆர்வம் காட்டியவர்கள் ஜூடோ பழகியவர்கள். 1953இல் மற்றொரு மாணவர் தோஹே கொயிச்சி ஹவாய் தீவுகளுக்குப் போனார். அங்கே எதிரே நின்றவர்கள் வேறு ஆட்கள்: உயரமும் எடையும் கூடியவர்கள், மல்யுத்தம் தெரிந்தவர்கள், போலீஸ்காரர்கள். ஆசானுக்கு மரியாதை என்று விழுகிற வழக்கம் அவர்களிடம் கிடையாது. ஜப்பானில் ஒரு கூடத்துக்குள் ஆசானை மாணவன் பிடிப்பது ஒன்று. தடித்த முன்கையுள்ள ஒருவர், "செய்து காட்டும் பார்ப்போம்" என்று பிடிப்பது முற்றிலும் இன்னொன்று. தளர்ந்த உடம்பால் எப்படி வலுவைச் சந்திப்பது என்பதையே தோஹே பிற்காலத்தில் தன் போதனையின் மையமாக்கினார். 1961இல் உயேஷிபாவே ஹவாய் வந்து, ஹொனலூலுவின் புதிய கூடத்தில் பாடம் நடத்தினார். அப்போது அவருக்கு எழுபத்தேழு வயது. 1969 ஏப்ரலில் காலமாகும்போது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவருடைய மாணவர்கள் கூடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தப் பிடி புழங்குகிறது.

ஜப்பானுக்குள்ளும் அது கிளை பிரிந்தது. உயேஷிபாவின் மாணவர் ஷியோதா கோசோ 1955இல் யோஷின்கான் என்ற கூடத்தைத் தொடங்கி, அடிப்படைகளை எண் சொல்லிச் செய்யும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்; தோக்கியோவின் கலவரத் தடுப்புப் போலீசார் அங்கே பயிற்சி பெறும் வழக்கம் உண்டு. கானோவிடமும் உயேஷிபாவிடமும் படித்த தொமிகி கென்ஜி, வாசெதா பல்கலைக்கழகத்தில் வேறு கேள்வி எழுப்பினார். கூடப் பழகுபவர் ஒத்துப்போய்க்கொண்டே இருந்தால் வித்தை உண்மையா என்று எப்படித் தெரியும்? அவர் கண்ட விடை போட்டி. ஒருவர் கையில் ரப்பர் கத்தி, மற்றவர் வெறுங்கை, இருவரும் முழு எதிர்ப்போடு. பெரும்பாலான ஐகிடோக் கூடங்கள் போட்டியை ஏற்கவில்லை, நானும் போட்டி இல்லாத மரபில்தான் பழகுகிறேன். ஆனாலும் தொமிகியின் கேள்வி என்னை விட்டுப் போவதில்லை. போட்டி இல்லாத இடத்தில் அந்தச் சோதனையை நாள்தோறும் நடத்த வேண்டிய பொறுப்பு முழுவதும் பிடிக்கிற கையின் மேல் வந்து விழுகிறது. அந்தக் கை பொய் சொன்னால் கூடமே பொய்யாகும்.

பிடி இரண்டு விதமாகப் பொய் சொல்லும். ஒன்று, பிடித்த மாதிரி பிடிப்பது. விரல் மட்டும் தோலில் இருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார். மற்றவர் திரும்புமுன்னே இவர் விழுந்திருப்பார். பார்க்க அழகாக இருக்கும், மற்றவருக்கும் சந்தோஷமாக இருக்கும், யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். மற்றது இதைவிடக் கெட்டது. அடுத்து என்ன வரப்போகிறது என்பது பிடிக்கிறவருக்குத் தெரியும். ஆசான் இப்போதுதானே செய்து காட்டினார். தெரிந்ததால் அந்தத் திசையை மட்டும் முன்கூட்டி அடைத்து நிற்பார். உண்மையான எதிராளிக்கு அந்தத் தகவல் கிடையாது. இந்தப் பக்கம் அடைத்தவர் அந்தப் பக்கம் முழுவதும் திறந்துவிட்டிருப்பார். வேறு ஒன்றைச் செய்தால் சட்டென விழுவார். ஆனால் எதிரே நிற்கும் புதியவருக்கு அந்த வேறு ஒன்று தெரியாதே. அவர் திணறுவார், தன்னிடம்தான் குறை என்று நம்புவார். தமிழில் பிடிவாதம் என்று ஒரு சொல் இருக்கிறது. பிடி எப்போது வாதமாகிறது என்பதை இந்தப் பாயின் மேல் கண்ணால் பார்க்கலாம்.

இதை எழுதும் உரிமை எனக்கு நானே பிடிவாதக்காரனாக இருந்ததால் வந்தது. இரண்டாம் மூன்றாம் வருஷம், என் பிடியை யாராலும் அசைக்க முடியவில்லை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. உடும்புப்பிடி என்பார்கள், நானும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஒருநாள் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, கூடப் பழகிய இளைஞர் கையை வெடுக்கென இழுத்தார், நான் விடவில்லை. மூன்று வாரம் அவர் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவர் என்மேல் குறை சொல்லவில்லை. அவர் வராத அந்த மூன்று வாரமும் கூடத்தில் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

அடுத்த மாதம் என்னைவிட வயதில் மூத்த ஓர் அம்மாவோடு ஜோடி சேர்ந்தேன். மெலிந்த கை. என் பிடியை உடைக்க அவர் முயலவே இல்லை. நின்று, "இவ்ளோ இறுக்கினா உங்களுக்கு என்னைத் தெரியாதே தம்பி" என்றார். பிறகு என் மணிக்கட்டை அவர் பிடித்துக் காட்டினார். சுண்டு விரலில் தொடங்கி, மோதிர விரல், நடு விரல் என்று மடங்கி வந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சும்மா கூட வந்தன. உள்ளங்கை முழுவதும் தோலோடு ஒட்டியிருந்தது, நடுவே காற்றுப் புக இடமில்லை. வலிக்கவே இல்லை. நான் தோளை ஒரு நூல் அசைத்தேன். அவர் பாதம் ஏற்கெனவே இடம் மாறியிருந்தது. சித்த வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அழுத்தினால் நாடி அடங்கிவிடும், தளர்த்தினால் தெரியாது. அந்த அம்மாவின் கை அப்படி இருந்தது. வாளின் கைப்பிடியை இறுக்குவதும் அதே சுண்டு விரலும் மோதிர விரலும்தான் என்று பிற்பாடு மரவாள் பழகும்போது தெரிந்தது. வாள் போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது, விரல்கள் மறக்கவில்லை.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஷிஹோ நகேயைச் சொல்வேன். நாற்புற வீச்சு. பிடித்தவரின் கையையே எடுத்து, அதனடியில் நுழைந்து திரும்பி, மடங்கிய அந்தக் கையை அவர் தோளுக்குப் பின்னால் இறக்குவது. சரியாகச் செய்தால் அவர் பின்பக்கமாக உருண்டு எழுவார். அவர் விழக் கற்றிராதவராக இருந்து, செய்பவர் கீழ்நோக்கி இறக்காமல் வீசி எறிந்தால், பின்னந்தலை நேராகத் தரைக்குப் போகும். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள அவருக்கு நேரம் இருக்காது. ஜப்பானில் மாணவர் குழுக்களில் இப்படித் தலை மோதி இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள். அதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கற்க வந்த பிள்ளைகள் அவர்கள். நம்பிக் கையைக் கொடுத்தவர்கள். பழகும்போது நம் கையில் இருப்பது ஒருவரின் உடம்பு, அதுவும் அவர் இரவல் கொடுத்தது. வீட்டுக்குப் போகும்போது முழுசாகத் திருப்பித் தர வேண்டும். மற்றவை எல்லாம் இதிலிருந்தே வரும்: நகம் வெட்டி வருவது, மோதிரம் கழற்றுவது, உடையைத் துவைத்துப் போடுவது, மற்றவர் போதும் என்று பாயைத் தட்டிய நொடியில் விடுவது, அன்று யாருக்குத் தோள் வலி என்று கேட்டுக்கொள்வது. போருக்கு முந்தைய ஆண்டுகளில் உயேஷிபா வகுத்த பயிற்சி விதிகளில், பயிற்சி மகிழ்ச்சியோடு நடக்க வேண்டும் என்பதும் ஒன்று. நரகக் கூடம் என்று பெயரெடுத்த இடத்தின் ஆசான் அதை எழுதி வைத்தார்.

2020இல் அந்தப் பிடி உலகெங்கும் நின்றுபோனது. வாள் தடைச் சட்டத்தால் அழியாதது, போரால் அழியாதது, கண்ணுக்குத் தெரியாத கிருமியிடம் அடங்கியது. கூடங்கள் மூடின. மறுபடி திறந்தபோதும் பல இடங்களில் ஆளுக்கு ஆள் தூரம் விட்டு, மரவாளும் கம்பும் வைத்துத் தனித்தனியாகச் செய்தார்கள். நானும் மொட்டை மாடியில் கம்பு சுற்றினேன். அடி வைப்பு மேம்பட்டது, தோள் இலகுவாயிற்று. ஆனால் என் தவறை எனக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. தனியாகச் செய்யும்போது எல்லாம் சரியாகவே இருந்தது; அதுதான் பயமாக இருந்தது. ஓர் இரவு என் வலது கையால் என் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கைக்கும் முன்பே எல்லாம் தெரிந்திருந்தது.

மறுபடி பிடித்த அன்று எல்லாரும் கிருமிநாசினி தடவிக்கொண்டு வரிசையில் நின்றோம். எதிரே வந்தவர், பயிற்சிக்கு முன் சொல்லும் ஒநெகாய்ஷிமாஸ் என்ற வார்த்தையைச் சொல்லிக் குனிந்தார். தயவுசெய்து என்பதற்கு நெருக்கமான சொல். இத்தனை வருஷம் வழக்கமாகச் சொன்னதை அன்று கேட்டுச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது, கொஞ்சம் நடுங்கியது, சானிடைசர் வாடை அடித்தது. இருவரும் சில நொடி அப்படியே நின்றோம், ஒன்றும் செய்யாமல்.

போன வாரம் கல்லூரி மாணவி ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். மூத்தவன் என்று அவளை என்னோடு ஜோடி சேர்த்தார்கள். மணிக்கட்டை நீட்டினேன். இரண்டு விரலால், சுடுபாத்திரத்தைத் தொடுவதைப் போல் தொட்டாள்.

"பயப்படாம பிடிம்மா."

"உங்களுக்கு வலிக்குமே, சார்."

"வலிச்சா நான் சொல்றேன். சுண்டு விரலை முதல்ல மடக்கு. ஆங். இப்போ உள்ளங்கையை ஒட்டு. இன்னும் கொஞ்சம்."

பிடித்தாள். நான் மெல்லத் தோளை அசைத்தேன். அவள் புருவம் உயர்ந்தது.

"சார், ஏதோ நகருது."

"எங்கே?"

"இங்கே இல்ல..." அவள் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "இங்கே."

"சரி. இப்போ மறுபடி பிடி."